வராத நாட்களின் வரிகள்

அந்தமானின் டெலானிபூரில் மூன்று நாளாக நெட் இல்லை. வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதும் நஜ்மா, எழுதியதையெல்லாம் மடிக்கணினியிலேயே சேர்த்து வைத்திருந்தாள். வியாழன் மாலை நெட் வந்தது.

அன்றாடம் அவள் கணக்கில் எத்தனை வரி சேர்ந்தது என்று கம்பெனிக் கணினி தானாக எண்ணி மெயில் அனுப்பும். மூன்று நாள் மெயிலும் வந்திருந்தது. எண்பத்து நான்கு, அறுபத்தொன்று, தொண்ணூற்றேழு. அவள் எழுதியதும் அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு வரியைக்கூட அவள் இன்னும் அனுப்பவில்லை.

அவற்றுக்கு மேலே, இனிமேல்தான் வரவேண்டிய வெள்ளி, சனி, ஞாயிறு என்று இன்னும் மூன்று மெயில்கள் இருந்தன. மூன்றிலும் பூஜ்யம்.

கணவன் ஃபைசான் கடையிலிருந்து டீ குடிக்க வந்தான். ஹேவ்லாக் தீவுக்குப் போகலாம் என்று ரமலானிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்குத்தான் ஒழியவில்லை.

“நாளைக்கு போட்ல ரெண்டு சீட் இருக்காம். மேடத்துக்கு டைம் நஹீதானே?”

“எடுத்துடுங்க. மூணு நாள் எனக்கு லீவு.”

“யாரு சொன்னா?”

“கம்பெனி மெயில்லயே வந்திருக்கு.”

“சலோ, இப்பவாவது புத்தி வந்துச்சே உங்க கம்பெனிக்கு.”

நஜ்மா சிரித்தாள். எழுதி வைத்திருந்த இருநூற்று நாற்பத்திரண்டு வரிகளையும் அனுப்பினாள். பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். ஃபைசானின் நீலச் சட்டையை மடிக்கும்போது இன்னொரு மெயில் வந்தது. திங்கட்கிழமை. பூஜ்யம்.

“ஏங்க,” என்றாள் அறைக்குள்ளிருந்தே. “திரும்பி வர டிக்கெட் இப்ப எடுக்க வேணாம்.”