லித்தியம் வேண்டாம்

“எழுந்தாச்சா, அத்தான்?”

“எழுந்துட்டேன்.”

காலை ஆறரைக்கு ஜெபினாவிடமிருந்து வரும் போன் அவ்வளவுதான். அவளுடைய அக்கா அமலி இறந்து பதினொரு மாதம் ஆகிறது. ஒரு நாள்கூட அந்த போன் தவறியதில்லை. அத்தான் எழுந்துவிட்டார் என்று தெரிந்தால் அவளுக்குப் போதும்.

பெனிஷ் பல் தேய்த்தான். ஒரு ஆளுக்குக் காபி போட்டான். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் நிற்கும் டிரெய்லர் அருகே போனான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வண்டி அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேசை. முன்பக்கம் பேட்டரிப் பெட்டி.

மூடியைத் திறந்து, சார்ஜரைக் கழற்றி மீட்டரை வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஒன்று வோல்ட். நேற்று பன்னிரண்டு புள்ளி இரண்டு. முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்தான். ஆறு அறைகளிலும் டிஸ்டில்டு வாட்டர் குறைந்திருக்கிறதா என்று பார்த்தான். குறையவில்லை. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அவன் தினமும் பார்த்தான்.

பிறகு உள்ளே போய் விளக்கைப் போட்டு, காபி குடித்தான். கட்டிலில் ஒரு போர்வை பாதி உதறியபடி கிடந்தது. கடைசியாகக் கடற்கரைப் பக்கம் போய்த் திரும்பிய இரவு இங்கேயே படுத்து, காலையில் அமலி எழுந்து உதறிப் போட்டது. அதை அவன் தொடுவதில்லை.

அன்று சனிக்கிழமை. பத்து மணிக்குப் பக்கத்து ஊரான மில்பிடாஸிலிருந்து ஜெபினாவும் அவள் கணவன் ஜெரிஷும் வந்தார்கள். மகள் ஜோவானாவை ஸ்விம்மிங் கிளாஸில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஜெபினா மீன்குழம்பு டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கப் போனாள்.

“போன வாரத்தது திறக்காமயே இருக்கு. நான் என்ன சாம்பிளுக்கா குடுத்துட்டுப் போறேன், அத்தான்?”

ஜெரிஷ் நேராகப் பேட்டரிப் பக்கம் போனான். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஹீட்டர் ஃபேனைப் போட்டான். மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது.

“இது செத்துப்போச்சு, ப்ரோ” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “ஐ மீன், இனி சார்ஜ் நிக்காது.”

“லைட் எரியுதே.”

“லைட் மட்டும்தான் எரியும்.”

லித்தியம் பேட்டரி போட்டுவிடலாம் என்றான் ஜெரிஷ். எடை பாதிதான், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பத்து வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம். சார்ஜரை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் தானே செய்து தருவதாகச் சொன்னான். பெனிஷ் பழைய வகையே போதும் என்றான். உறைபனியில் லித்தியம் சார்ஜ் ஏறாது என்று காரணமும் சொன்னான்.

“உங்க பிளசன்டன்ல எங்க ப்ரோ ஸ்னோ பாத்தீங்க?”

பெனிஷ் மீட்டரை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குள் போனான். ஜெபினா டிரெய்லரின் வாசலில் வந்து நின்றாள்.

“நேராவே கேக்கறேன் அத்தான். வண்டிய நாங்க எடுத்துக்கட்டுமா? பெரியம்மா வண்டில எப்பப் போறோம்னு ஜோவானா தினமும் கேக்கறா. நீங்களும் கூட வாங்க. டெய்லி இதுக்குள்ள தனியா வந்து உக்காந்துக்கறீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

புது பேட்டரி காரிலேயே இருக்கிறது, மதியத்துக்குள் மாட்டி இழுத்துப் போய்விடலாம் என்றான் ஜெரிஷ்.

பெனிஷ் கட்டிலைப் பார்த்தான். வண்டி இந்த வேலியைத் தாண்டினால், தெருவின் முதல் திருப்பத்திலேயே அந்தப் போர்வை சரிந்துவிடும்.

“குடுக்க வேண்டாம்னு அமலி சொல்லியிருக்கா.”

“எப்போ?”

“கடைசியா.”

ஜெபினா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா இறந்த அன்று ஃப்ரீவேயில் யாருடைய காரோ மோதி வழியெல்லாம் நெரிசல். மருத்துவமனைக்கு வந்து சேர அவளுக்கு இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. அக்கா கடைசியாக என்ன பேசினாள் என்று இதுவரை அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

“என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“வண்டிய யாருக்கும் குடுக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்னா.”

“என்னைப் பத்தி எதாவது?”

பெனிஷ் மீட்டரின் ஒயரைச் சுருட்டினான். “அவ்ளோதான் பேசினா. அப்புறம் தூங்கிட்டா.”

ஜெபினா அந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்பவள்போல் இரண்டு முறை முணுமுணுத்தாள். சாகும்போது ஒருவர் சொல்லிவிட்டுப் போனதை மீற அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் துணிவு வராது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா சொல்லிட்டா சரி அத்தான். இனி கேக்க மாட்டேன்.”

லித்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதே அளவில் பழைய வகை பேட்டரியே நாளைக்கு வாங்கி வருவதாகச் சொன்னான் ஜெரிஷ். கார் தெருமுனை திரும்பும்வரை ஜெபினா டிரெய்லரையே பார்த்துக்கொண்டு போனாள்.

பெனிஷ் உள்ளே வந்து விளக்கைப் போட்டான். போர்வை அப்படியே இருந்தது. இனி யாரும் வண்டியைக் கேட்டு வரப்போவதில்லை.

அமலி கடைசியாகச் சொன்னது இதுதான்: “வண்டிய ஜெபினாவுக்குக் குடுத்துடுங்க, ஜோவானாவக் கூட்டிட்டு ஊர் சுத்தட்டும், அவ வந்ததும் நானே சொல்றேன், தூங்கிட்டேன்னா நீங்க சொல்லிடுங்க.”