2719-ஆம் கட்டம்

"புரோகிராம்ல அந்த ஒரு வரியை இப்பவே தூக்கு!" மேனேஜர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. "மூணு மணிக்கு நகராட்சி ஆளுங்க வர்றாங்க. மூணு நிமிஷத்துல முடிய வேண்டிய வெள்ளக் கணக்கு ஒன்பது நிமிஷம் ஓடுது!"

வரியை எழுதியது மேகம் அக்கா. ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். பாதி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதை அழிக்கச் சொல்லப்பட்ட இளைஞனுக்கு எரிச்சல். எவ்வளவு அழகான புரோகிராம்! ஊரே நாலாயிரம் கட்டம் கொண்ட ஒரு அர்ரே, அதாவது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு கட்டமாகப் போய்ப் பார்க்கும் வேலையே இல்லை. ஒரே விதி, நாலாயிரமும் ஒரே மூச்சில் கணக்குப் போடும். பழைய ஊர் அப்படியே இருக்க, நனைந்த புது ஊர் ஒன்று பிறக்கும். அதிலிருந்து இன்னொன்று. திரை முழுக்கச் சத்தமே இல்லாத மழை.

நாளையிலிருந்து ஊருக்கு எச்சரிக்கை அனுப்பப்போவது இதுதான்.

அதில் 2719-க்கு மட்டும் அக்கா தனி விதி வைத்திருந்தாள். அது முடியும்வரை மற்ற கட்டங்கள் எல்லாம் கை கட்டி நிற்கும்.

"யாரோ ஒருத்தருக்காக ஊரே காத்திருக்கணுமாக்கா?"

"பொது விதி அந்த இடத்துக்கு ஒத்துவராதுடா. தண்ணி ஏறி நிக்கும். இது 'ஆபத்தில்லை'ன்னு சொல்லிட்டுப் போயிடும்."

"நாலாயிரத்துல ஒண்ணுதானே? போனாப் போகுது."

அக்கா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வரியைத் தேர்ந்தெடுத்தான். அழிக்கும் முன், அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினான். வானத்திலிருந்து எடுத்த படம் விரிந்தது.

வளைந்த சந்து. கடைசி வீட்டு மாடியில் நீலத் தொட்டி. அதன் மூடிமேல் ஒரு சைக்கிள் டயர்.

காற்றில் மூடி பறக்காமலிருக்க அவனே வைத்த டயர்.

கீழே, எழுந்து நடக்க முடியாத அம்மா.

"போன வருஷம் நீதானேடா சொன்னே?" அக்கா திரும்பவே இல்லை. "மழை விட்டப்புறம் சாக்கடை எதிர்த்து வந்து, அம்மா கட்டில் வரைக்கும் ஏறிச்சுன்னு."

மணி மூன்று. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

"தூக்கிட்டியா இல்லையா?" மேனேஜர் தலையை நீட்டினார்.

அவன் விரல் டெலீட் பட்டன் மேலேதான் இருந்தது. அழுத்தவில்லை.