தலைவரின் செவ்வந்தி

'டமார்!'

கண்காட்சிக் கூடமே திரும்பிப் பார்த்தது. வருஷா வருஷம் கோப்பை வாங்கும் மலர்ச் சங்கத் தலைவரின் செவ்வந்தித் தொட்டி, போட்டிக்குத் தன் செடியோடு வந்திருந்த ஒரு தையல்காரரின் முழங்கை பட்டுத் தரையில் சிதறிக் கிடந்தது.

தலைவர் குதித்தார். "கண்ணு தெரியலையாய்யா? சட்டைப் பொத்தான் சைஸுக்கு ஒரு பூவை வளர்த்துட்டு, வந்து இடிக்கிறதைப் பாரு! ஆறு மாசமா பிள்ளை மாதிரி வளர்த்தேன். உன்னைச் சங்கத்தை விட்டே தூக்கறேன்!"

"மன்னிச்சிடுங்க சார். வேர் முறியாம இருந்தா வேற தொட்டியில நட்டுடலாம்" என்று தையல்காரர் பதறினார்.

"யாரும் தொடாதீங்க!" தலைவர் அலறினார்.

அதற்குள் நடுவர் அம்மா பூவைத் தூக்கிவிட்டார். பூக்கடையில் தருகிற சின்னத் தண்ணீர்க் குப்பியில் செருகிய வெறும் காம்பு, மண்ணிலிருந்து கையோடு வந்தது.

"கவலைப்படாதீங்க தையல்காரரே, வேர் முறியலை. இருந்தாத்தானே முறியறதுக்கு!"