முதலில் காபி

மாடிப்படி ஏறி வந்த இல்யாஸைப் பார்த்ததும் அரங்கசாமி தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். கீழ்த்தளத்து வாடகைக்காரருக்கு இந்த இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் நாற்காலி கிடைத்தது அதுவே முதல் தடவை.

"அண்ணா, ஒரு விசயம் சொல்லலாம்னு வந்தேனுங்க." இல்யாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

வாடகையைக் குறைக்கச் சொல்லும் கடிதம் என்று அரங்கசாமிக்குத் தோன்றியது. "அதெல்லாம் அப்புறம் பாய். வந்தவங்க காபி குடிக்காம வாயத் தொறக்கப்படாது. ராமாமணி, காபி கொண்டா!"

கீழ்த்தளத்தை ஒரு பைக் ஷோரூம்காரர் மூன்று மடங்கு வாடகைக்குக் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் இடம் காலியாக வேண்டும், இல்லையென்றால் வேறு கட்டடம் பார்த்துக்கொள்வார். குறுக்கே நின்றது இல்யாஸின் லேத் பட்டறையும், இன்னும் ஒரு வருடம் மிச்சமிருந்த ஒப்பந்தமும்.

மூன்று வருடத்துக்குள் காலி செய்தால் மூன்று லட்சம் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்று அதில் எழுத வைத்தவரே அரங்கசாமிதான். "நீங்களே காலி பண்ணச் சொன்னா?" என்று இல்யாஸ் அன்று கேட்டார். "அட்வான்ஸோட இன்னொரு மூணு லட்சம் வாங்கிக்குங்க!" என்று சிரித்தபடி அதையும் சேர்க்கச் சொன்னார் அரங்கசாமி.

அவர் மனைவி ராமாமணி காபி கொண்டுவந்தார்.

"உடுமலைக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து மத்தியானம் அசந்து தூங்கறேன் பாய். லேத் சத்தம் தலையப் பொளக்குதுன்னு சொன்னேன், அடக்கிப்போட்டீங்க. பெரிய மனுசன் பேச்சுக்கு நீங்களாச்சும் மரியாத குடுக்கறீங்க."

"அது வந்துங்கண்ணா..."

"குடிங்க, ஆறிரும்."

"அவரு என்னமோ சொல்ல வர்றாருங்க, கேளுங்க" என்றார் ராமாமணி.

"உனக்கு யாவாரம் தெரியாது, சும்மா இரு அம்மணி." அரங்கசாமி முன்னால் சாய்ந்தார். "பாய், எனக்கு எடம் வேணும். அட்வான்ஸ முழுசாத் தந்தர்றேன். பத்து நாள்ல காலி பண்ணிக் குடுங்க."

இல்யாஸின் டம்ளர் வாயருகே நின்றுவிட்டது.

சரியான கல்லுளிமங்கன் என்று அரங்கசாமி பல்லைக் கடித்தார். "சரி, மேல ஒரு லட்சம்."

இல்யாஸுக்குப் புரையேறியது.

"ரெண்டு... போகட்டும், ஒப்பந்தப்படி மூணு! லாரி வாடகையும் என்னுது!"

இல்யாஸ் கவரை மெல்லப் பைக்குள் திரும்ப வைத்தார். "நீங்க பார்த்துச் செஞ்சாச் சரிங்கண்ணா."

அவர் மனம் மாறுவதற்குள் அரங்கசாமி செக்கை எழுதினார். 'நானே காலி செய்யச் சொல்கிறேன்' என்று ஒரு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராமாமணி சாட்சி.

இருவரும் கீழே இறங்கினார்கள். "மெஷினெல்லாம் கழட்ட எத்தன நாளாகும் பாய்?"

இல்யாஸ் ஷட்டரைத் தூக்கினார். கூட்டிப் பெருக்கிய தரையில் போல்ட் குழிகள் மட்டும் இருந்தன.

"நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்பவே பெரியநாயக்கன்பாளையத்துக்கு ஏத்தியாச்சுங்க." சாவியை அரங்கசாமியின் கையில் வைத்தார்.

"அட்வான்ஸ் போனாப் போகுதுன்னு சொல்லத்தானுங்கண்ணா மேல வந்தேன்."