இருபது நாள் சரக்கு

நடுக்கடலில் ஒரு கேன் குடிதண்ணீரின் விலை ஆறு பாட்டில் பீர். போன பயணத்தில் அந்த விலைக்குத்தான் கணவன் தங்கள் பாய்மரப் படகின் கடைசிக் கேனை எதிர்ப்பட்ட படகுக்காரனிடம் தள்ளிவிட்டான். மனைவி இரண்டு நாள் நாக்கு வறண்டு கிடந்தாள்.

இன்று துறைமுகக் கடையில் அவள் முட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மூழ்கியவற்றை மட்டும் பொறுக்கினாள்.

"இருபது நாளைக்கு இருபது முட்டையா? அரிசி அஞ்சு கிலோவா? பட்டினி போட்டே கொன்னுடுவியா?" என்று கணவன் எரிந்து விழுந்தான்.

"போதும்ங்க."

"தண்ணியாவது கூட வாங்கு தாயே! நாலு கேன் எந்த மூலைக்கு?"

"அளந்துதான் வாங்கியிருக்கேன். தூக்குங்க."

முனகிக்கொண்டே சுமந்தான். கரையில் நின்றபடி கடைசிக் கேனைப் படகில் நின்ற அவளிடம் ஏற்றிக் கொடுத்ததும், அவனுடைய துணிமணிப் பை படகிலிருந்து அவன் காலடியில் வந்து விழுந்தது.

படகு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தபடி அவள் சொன்னாள்: "முட்டை இருபது, அரிசி அஞ்சு கிலோ, தண்ணி நாலு கேன். ஆள் ஒண்ணு. சரியா இருக்கு."