காற்றுக்கு வழி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நசுங்கியதை தீபா கண் கொட்டாமல் பார்த்தாள். சாரத்தோடு சாய்ந்த பேனர் அவளை அமுக்கிக்கொண்டு கிடந்தது.

"மோட்டாரை நிறுத்து," என்றார் பிரபாவதி மேடம்.

கல்லூரி லேபில் காற்றை வீசிச் சோதிக்கும் விண்ட் டன்னலின் இரைச்சல் அடங்கியது. மூன்றாம் வருஷ சிவில் மாணவியான தீபா, கண்ணாடிக் கதவைத் திறந்து குச்சிகளால் செய்த மாதிரிச் சாரத்தை நிமிர்த்தினாள். பூக்கூடையோடு அவள் பிடித்து வைத்த களிமண் பொம்மை அடியில் சப்பையாகிக் கிடந்தது.

"இது வெறும் ப்ராஜெக்ட் இல்ல மேடம். மலையடிவாரத்துல தலைவருக்கு நெஜமாவே இப்படி ஒரு பேனர் வெச்சிருக்காங்க. அதுக்குக் கீழதான் எங்கம்மா பூ விக்கிறாங்க."

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். முதல்ல அவங்களை அங்கேருந்து எழுந்துக்கச் சொல்லு."

போனில் அம்மா மணியம்மை சீறினாள். "நாளைக்குக் கிருத்திகை, கூட்டம் இப்பவே வந்துகினு கீது. எடத்த வுட்டா வேற எவளாவது குந்திக்குவா. பேனரு ஒரு கீறல் இல்லாம பளபளன்னு நிக்குதுடி!"

"உன் கால்ல விழறேன், எழுந்திரும்மா."

கூடையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. கூடவே நாலு வசவும் கேட்டது.

தீபாவை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த அக்கா புருஷன் குமரவேல் வாசலில் நின்று சிரித்தான். அந்தப் பேனரைக் கட்டியதே அவன்தான். "எங்கள இன்னா மக்குன்னு நெனச்சிகினியா? நேத்து நானே மேல ஏறி, காத்து போறதுக்குப் பெரிய பெரிய ஓட்டையா அறுத்து வுட்டேன். நீ ஓட்டையே இல்லாம செஞ்சிகினு வந்து பயந்துகினு கீற."

"அப்போ அதே மாதிரி அறுத்துட்டு மறுபடி ஓட்டிப் பாரு," என்றார் மேடம்.

குமரவேல் பேனாவால் வட்டம் போட்டுக் காட்ட, தீபா பிளேடால் அறுத்தாள். அடியில் புதுப் பொம்மை உட்கார்ந்தது. மோட்டார் உறுமியது.

முதல் தடவை சாரம் சாய்ந்த காற்று வேகத்தை மீட்டர் முள் தாண்டியது. பேனர் படபடத்தது, சாரம் நடுங்கியது, ஆனால் விழவில்லை. போன உயிர் திரும்பி வந்ததில் தீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வேப்பமரம் பேயாட்டம் ஆடியது. லேப் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அதெல்லாம் இப்போது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"அம்மா, பழைய எடத்துலயே போய்க் குந்திக்கோ. பாவா ஓட்டை போட்டுத்தான் கட்டிக்கிறாரு. ஒண்ணும் ஆவாது."

"எழுப்பறதும் நீயே, குந்த வெக்கறதும் நீயே. ஆங், குந்திட்டேன், போ!" காற்றின் இரைச்சலில் மணியம்மையின் குரல் பாதிதான் கேட்டது.

பயம் விட்டதும் தீபாவுக்குக் கிண்டல் வந்தது. "ஏம்மா, தலைவரு மூஞ்சிலயே ஓட்டை போட்டுக்கிறாரே பாவா, யாரும் திட்டலயா?"

"திட்டாம வுடுவாங்களா? விடிஞ்சதும் ஆளுங்க வந்து எல்லா ஓட்டையும் ஒட்டிட்டுப் போய்ட்டாங்கடி!"