உப்பு ஜாடி

திருப்பாதிரிப்புலியூர் வீட்டுச் சமையலறையில் மாமியார் திதிக்கான சாம்பார் கொதிக்கிறது. படையல் முடியும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. கரண்டியோடு நிற்கும் செண்பகவல்லிக்கு உப்புப் போட்டோமா என்று நினைவில்லை. மாதவிலக்கு நிற்கப்போகிற வயதில் இப்படி மறக்கும், பயப்படாதீங்க என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதனால் எதில் உப்புப் போட்டாலும் உடனே ஜாடியை ஜன்னலில் வைத்துவிடுவது அவள் வழக்கம். இப்போது ஜாடி அலமாரியில் இருக்கிறது. "ஜன்னல்ல எவளாவது உப்ப வெப்பாளா? காலையிலேர்ந்து நாந்தான் எடுத்து எடுத்து உள்ள வெக்கிறேன்" என்கிறாள் மூத்த நாத்தனார், வாழையிலையைத் துடைத்தபடி. "கடைசியா எப்ப எடுத்தீங்க அண்ணி? சாம்பார் வெச்ச பெறகா?" என்று கேட்கிறாள் செண்பகவல்லி. "அதெல்லாம் யாரு பாத்தா?" கூடத்திலிருந்து கணவனின் குரல் வருகிறது: "திரும்ப ஆரம்பிச்சிட்டியா? எங்கம்மா சாவுற வரைக்கும் உப்ப மறந்ததில்ல." அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். செண்பகவல்லியின் கழுத்தில் குப்பென்று சூடு ஏறி வியர்க்கிறது. கல்லுப்பை ஒரு கை அள்ளிப் போடுகிறாள். ஈர விரல்களில் நாலைந்து கற்கள் ஒட்டி மினுங்குகின்றன. கையைக் கழுவாமல் அப்படியே நிற்கிறாள். போட்டதற்கு இந்த வீட்டில் வேறு சாட்சி கிடையாது.